சீட்டை இறக்கினால் சரியாகாது: முதல் சைக்கிள் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் புது சைக்கிளோடு வந்து நின்றார். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வண்டி பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஏறி ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். கைகள் இரண்டும் முழங்கை மடங்காமல் விறைத்து நீண்டிருந்தன. பெடல் அடியில் போகும்போதெல்லாம் கால் எட்டாமல் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. சீட்டைப் பார்த்தேன், ஏற்கெனவே முழுக்க இறக்கித்தான் வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் பெருசா இருக்கே தம்பி" என்றேன்.

"ஆமாண்ணே, கடைல அந்த சைஸ்தான் இருந்துச்சு. சீட்டை எறக்கிக்கலாம்னு சொன்னாங்க."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் கோபமில்லை, அந்த வாக்கியத்தின் மேல்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே வாக்கியத்தை நம்பித்தான் என் முதல் சைக்கிளை வாங்கினேன். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் அதே வாக்கியம் சொல்லப்படுகிறது, அவர்களும் நம்புகிறார்கள்.

ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், இருட்டினால் விளக்கு வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவற்றை விட்டுவிட்டு, தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அளவு தவறான ஃபிரேமை வாங்குவது

மற்ற எந்தத் தவறையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். டயர் மாற்றலாம், சீட் மாற்றலாம், கியரைக்கூட மாற்றலாம். ஃபிரேம், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அந்தக் குழாய்ச் சட்டகம், தவறென்றால் சைக்கிளையே மாற்ற வேண்டியதுதான்.

என் கதையைச் சொல்கிறேன். கடையில் இரண்டு அளவு பெரிதான வண்டி ஒன்று தள்ளுபடியில் நின்றது. நிறம் பிடித்திருந்தது. "சீட்டை இறக்கி வெச்சா சரியாயிடும் சார்" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன். மூன்றாவது வாரத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒரு நாள் காலை ஓட்டிவிட்டு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்க்கிறேன், விரல் பிடிக்கவில்லை. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் நரம்பு, எட்டிப் பிடித்த கையின் மேல் உடம்பின் பாரம் முழுக்க இறங்குவதால் நசுங்குகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. உடம்பு பழகவில்லை, பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கையுறை வாங்கினேன். ஹேண்டில்பார் உறையை மாற்றினேன். ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கினேன். கழுத்து வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு தூங்கினேன். ஐந்து மாதம் இப்படிப் போனது.

அப்புறம் ஒரு நண்பர் தன் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டக் கொடுத்தார். என் உயரத்துக்குப் பொருத்தமான அளவு. முழங்கை தானாக மடங்கி, தோள் இறங்கி, மூச்சு விடுவதுகூட இலகுவாக இருந்தது. என்னிடம் எந்தக் குறையும் இல்லை என்று அந்தப் பத்து நிமிடத்தில் புரிந்தது. என் சைக்கிளைப் பாதி விலைக்கும் கீழே விற்றேன். போன பணத்தைவிட, நமக்கு சைக்கிள் ஒத்துவராது போல என்று நம்பிக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எத்தனை பேர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வண்டியைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள்!

சீட்டை இறக்கினால் ஏன் சரியாகாது? சீட் மேலும் கீழும்தான் நகரும். நமக்கும் ஹேண்டில்பாருக்கும் இருக்கும் தூரம் ஃபிரேமின் நீளத்தில் இருக்கிறது. சீட் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், இறக்கும்போது சீட் கொஞ்சம் முன்னால் வரும் என்பது உண்மைதான். ஆனால் 3 சென்டிமீட்டர் இறக்கினால் ஒரு சென்டிமீட்டர்கூட முன்னால் வராது. சரி, சீட்டையே அதன் அடியில் இருக்கும் இரண்டு கம்பிகளில் முன்னால் தள்ளி வைக்கலாமே என்பார்கள். அப்படித் தள்ளினால் முழங்கால் பெடலுக்கு முன்னால் போய்விடும், கை வலியை முழங்காலுக்கு மாற்றியதுதான் மிச்சம். ஸ்டெம்மை ஓரிரு சென்டிமீட்டர் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் ஹேண்டில் நிலையில்லாமல் வெடுக்கென்று திரும்ப ஆரம்பிக்கும்.

சின்ன ஃபிரேமிலும் தொல்லை உண்டு. முதுகு கூனும், கால் சரியாக நீளாது. ஆனால் இரண்டு அளவுக்கு நடுவில் நீங்கள் இருந்தால், சின்னதையே எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை உயர்த்தலாம், ஸ்டெம்மைக் கொஞ்சம் நீட்டலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழியே இல்லை. சீட் போஸ்ட்டை உயர்த்தும்போது மட்டும் அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் குழாய் உடையும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "29 இன்ச் சைக்கிள் வாங்கியிருக்கேன்" என்று பலர் சொல்வார்கள். அது சக்கரத்தின் அளவு, ஃபிரேமின் அளவு இல்லை. ஒரே 29 சக்கரத்தில் சின்ன ஃபிரேமும் வரும், பெரிய ஃபிரேமும் வரும். ஃபிரேம் அளவை எம்டிபியில் (காட்டுப் பாதை, மலைப் பாதைக்கான சைக்கிள்) பெரும்பாலும் இன்ச்சிலும் ரோடு பைக்கில் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள்) சென்டிமீட்டரிலும் சொல்வார்கள். இல்லாவிட்டால் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று இருக்கும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜ் அளவுக்கு இருக்கலாம், அதனால் அந்த எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனி தரும் அளவுப் பட்டியலில் 'ரீச்', 'ஸ்டாக்' என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில் செருகியிருக்கும் ஃபிரேம் குழாயின் உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். இரண்டு வண்டிகளை ஒப்பிட இந்த எண்கள்தான் நம்பகமானவை.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில், சீட்டில் உட்காரும்போது அழுந்துகிற அளவுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்தால் அதுதான் உங்கள் கால் உயரம். இதை 0.883-ஆல் பெருக்கினால், அதே நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாக வரும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 3 முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கணக்கு இது. கால் உயரம் 80 சென்டிமீட்டர் என்றால் சுமார் 70.6 வரும். கையில் டேப் இல்லையென்றால் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள், கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு வரும். ஓட்டிய பிறகு முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம்.

கடையில் முதலில் ஃபிரேமின் மேல் குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நான்கு விரல்கடை இடைவெளி வேண்டும். அப்புறம் ஓட்டிப் பாருங்கள். கடை வாசலில் ஒரு வட்டம் போதாது, கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

அந்தத் தம்பியின் வண்டி வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாளே கூடப் போய்ப் பேசினேன், மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அன்று இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

சஸ்பென்ஷனுக்கு ஆசைப்படுவது

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருந்தால் சொகுசு என்று நினைத்து வாங்குகிறார்கள். உடற்பயிற்சிக்காகத் தார்ச்சாலையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அது தேவையில்லாத பாரம். தொடக்க விலை வண்டிகளில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் கனமாக இருக்கும், எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். மேடு பள்ளம் உள்ள சாலை என்றால் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் போட்ட ஹைபிரிட் (ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் நடுவிலான சைக்கிள்) எடுங்கள். அந்த டயரில் இருக்கும் காற்றே போதுமான மெத்தை. காட்டுப் பாதையில் உண்மையாகவே இறங்கப்போகிறவர்களுக்குத்தான் எம்டிபி.

கனமான கியரில் அழுத்தி மிதிப்பது

பெடல் கனமாக இருந்தால்தான் உடற்பயிற்சி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முழங்கால் போவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. வலது முழங்கால் 15 நொடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று, நல்ல வேகம். 12, 13 என்று வந்தால் கியரை இலகுவாக்குங்கள். மேட்டில் பாதி ஏறித் திணறும்போது மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும், சில சமயம் கழன்றே விழும். மேடு தொடங்கும் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

காற்றைக் கட்டைவிரலால் பார்ப்பது

எங்களோடு காலையில் ஓட்ட வரும் அக்கா ஒருவர், "எனக்கு மட்டும் வண்டி நகரவே மாட்டேங்குது" என்று தினமும் சொல்வார். வயதைக் காரணம் சொல்லி மனம் தளர்ந்துபோயிருந்தார். ஒரு நாள் அளவுமானி வைத்த பம்ப்பை மாட்டிப் பார்த்தேன். குறைந்தது 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வேண்டிய டயரில் 18 இருந்தது. அமுக்கிப் பார்த்தால் கெட்டியாகத்தான் தெரிந்தது, விரலுக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. காற்று அடித்து அனுப்பினேன். திரும்பி வந்தவர் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். ரோடு பைக்கின் மெல்லிய டயருக்கு அதிகம், எம்டிபியின் பருத்த டயருக்குக் குறைவு. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் டியூப்பிலிருந்து காற்று கசிந்துகொண்டேதான் இருக்கும், அதனால் வாரம் ஒரு முறை அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்மில் (சக்கரத்தின் உலோக வளையத்தில்) நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். உங்கள் டியூப் வால்வு மெல்லியதா தடித்ததா என்று பார்த்து அதற்கேற்ற பம்ப் வாங்குங்கள்.

மெத்தை சீட் வாங்கிப் போடுவது

வேண்டாம். முதல் இரண்டு வாரம் உட்காரும் எலும்பு வலிக்கும், அப்புறம் போய்விடும்.

முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவது

முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்துவிட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குத்தான் போகிறது, அதனால் வண்டியை நிறுத்தும் பலமும் அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் சறுக்கிக்கொண்டே போகும். ஆளில்லாத இடத்தில் இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே 40 கிலோமீட்டர்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. தினம் அரை மணி நேரம், ஐந்து நாள், அவ்வளவுதான். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம்.

கிளிப் பெடல்

ஷூவைப் பெடலோடு பிணைத்துவைக்கும் பெடல் இது. ஆறு மாதம் கழித்து யோசியுங்கள்.

பெட்டியில் வந்த சைக்கிளை அவசரமாகப் பூட்டுவது

இப்போது பலர் இணையத்தில் வாங்கி, பாகங்களை வீட்டிலேயே மாட்டிப் பூட்டுகிறார்கள். இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போல வலமாகத் திருகினால் ஏறாது. ஏறவில்லையே என்று ஸ்பேனரை வைத்து முழு பலத்தோடு திருகினால் கிராங்க்கின் (பெடல் மாட்டும் கையின்) மரை வழித்துக்கொண்டு போய்விடும், கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும். பெடலின் அச்சு முனையில் எல் (இடது), ஆர் (வலது) என்று பொறித்திருப்பதைப் பாருங்கள், முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஃபோர்க்கின் அடிப்பகுதி முன்னோக்கி இருக்க வேண்டும், ரிம்மைப் பிடிக்கும் வகை பிரேக் என்றால் முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் வர வேண்டும்.

பூட்டியது யாராக இருந்தாலும், ஒரு மாதம் ஓட்டிய பிறகு ஒரு முறை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புது கேபிள்கள் கொஞ்சம் தளர்ந்து கியர் தாவ ஆரம்பித்திருக்கும், ஸ்போக்குகளும் இளகியிருக்கலாம். அரை மணி நேர வேலைதான்.