திருச்செந்தூர் பாதயாத்திரை: இருவர் நடக்க எவ்வளவு சுமை போதும்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பாளையங்கோட்டை தாண்டிக் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், புதுக்குடி, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று தாமிரபரணியின் தென்கரைப் பக்கமாகவே சாலை போகிறது. வருஷா வருஷம் மாலை போட்டு நடப்பவர்களில் சிலர் ஓர் இரவு, ஒரு பகலில் முடித்துவிடுவார்கள். முதல்முறை சேர்ந்து நடக்கும் கணவன் மனைவி மூன்று நாள் வைத்துக்கொள்வதுதான் சரி. முதல் இரவு கருங்குளம் அக்கம்பக்கம், இரண்டாம் இரவு ஆழ்வார்திருநகரி அல்லது தென்திருப்பேரை. நாளுக்கு 20 கிலோமீட்டர் வரும்.

வழியெல்லாம் ஊர், கடை, கோயில், மண்டபம். அதனால் கூடாரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். இதைக் கேட்டதும் பலர் சுமையைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. மலைப்பாதையில் ஏறும்போது ஒரு தசை, இறங்கும்போது வேறு தசை வேலை செய்யும். தட்டையான தார்ச்சாலையில் ஒவ்வொரு எட்டும் பாதத்தின் அதே இடத்தில்தான் விழும். முதுகில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அந்த இடத்தில்தான் போய் இறங்கும். இருபதாவது கிலோமீட்டரில் கொப்புளமாக எழுவது அதுதான்.

தண்ணீரையும் சேர்த்து, ஒருவர் சுமப்பது அவரவர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 54 கிலோ எடையுள்ளவருக்கு 5.4 கிலோ. அது உச்ச வரம்பு. இந்த வழிக்கு 4 கிலோ சுமாரிலேயே முடிக்கலாம்.

அதற்கு முதலில் ஒரு தராசு வேண்டும். சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன மின் தராசு போதும். கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொன்றையும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கையில் தூக்கிப் பார்த்து 'லேசாத்தானே இருக்கு' என்று வைப்பதெல்லாம் சேர்ந்துதான் 9 கிலோ ஆகிறது. டர்க்கி டவல் 400 கிராமுக்கு மேல் இருக்கும். ஈரிழைத் துண்டு 130 கிராம்தான், அரை மணி வெயிலில் காய்ந்தும் விடும். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் வெறுமனே 250 கிராமுக்குக் குறையாது. கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில் 30 கிராம்கூட இருக்காது. அதையே மூன்று நாளும் நிரப்பி நிரப்பிக் குடித்துவிட்டு, வழியில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். புளியோதரையை மூன்றடுக்குத் தூக்கில் வைத்தால் தூக்கே முக்கால் கிலோ. வாட்டிய வாழையிலையில் கட்டினால் எடையும் இல்லை, கழுவும் வேலையும் இல்லை.

அடுத்தது பங்கிடுவது. இரண்டு பேர் போகிறோமே என்று எல்லாவற்றிலும் இரண்டு எடுப்பது ஒரு வகைத் தப்பு. எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் போட்டுக் கணவர் தூக்கிக்கொள்வது அதைவிடப் பெரிய தப்பு. தைப்பூச நேரத்துக் கூட்டத்தில் இருவரும் பிரிந்து போவது சாதாரணம். ஒருவர் கழிப்பறைக்கு ஒதுங்கி வருவதற்குள் மற்றவர் ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். பின்னால் தங்கியவர் கையில் தண்ணீரும் இல்லை, பணமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால் அந்த ஒரு மணி நேரம் பெரும் தவிப்பு. அதனால் பிரிந்துபோனால் தேவைப்படுவது எல்லாம் ஆளுக்கு ஒன்று, தங்குமிடத்தில் மட்டும் தேவைப்படுவது இருவருக்கும் சேர்த்து ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒன்றாக வருபவை: பை 500 கிராம், மாற்றுடை ஒரு செட் 550, சாரம் (லுங்கி) 280, துண்டு 130, தலையில் மாட்டும் டார்ச் 80, பாட்டிலும் ஒரு லிட்டர் தண்ணீரும் 1,030, ரப்பர் செருப்பு 280, சோப்பு பிரஷ் வகையறா 100, போன் பணம் அடையாள அட்டை 200. மொத்தம் 3,150 கிராம். பொதுவில் வருபவை: கீழே விரிக்கும் ஃபோம் ஷீட் 250, இருவர் படுக்கும் கொசுவலை 450, அதைக் கட்டும் நைலான் கயிறு 50, மருந்துப் பொட்டலம் 250, பவர் பேங்கும் ஒரே சார்ஜரும் 300, தின்பண்டம் 500. ஆக 1,800. இந்த 1,800 கிராமைச் சரிபாதியாக வெட்டாதீர்கள். 68 கிலோ எடையுள்ளவர் 1,250 கிராமும் 54 கிலோ எடையுள்ளவர் 550 கிராமும் எடுத்தால் ஒருவருக்கு 4.4 கிலோ, மற்றவருக்கு 3.7 கிலோ. கனமானவர் மனைவி என்றால் கூடுதல் அவர் பையில் போகட்டும், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. மருந்துப் பொட்டலம் மட்டும் வழக்கமாகப் பின்னால் வருபவரிடம் இருக்க வேண்டும். அடிபடுகிறவர், கொப்புளம் கட்டுகிறவர் பெரும்பாலும் பின்தங்குகிறவர்தான்.

பை 20 லிட்டர் கொள்ளளவு போதும். 40 லிட்டர் பை வாங்கினால் காலி இடத்தை நிரப்பக் கை துறுதுறுக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறும் பையே 800 கிராம் வரை இருக்கும், பட்டையும் பெரியவர் தோளுக்குப் பொருந்தாது. ஜோல்னாப் பை, ஒற்றைத் தோள் பை இரண்டும் கூடவே கூடாது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்க இடுப்பு வலிக்கத் தொடங்கும். கடையில் பையைப் பார்க்கும்போது உள்ளே நாலைந்து கிலோவுக்கு எதையாவது போட்டு மாட்டிப் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். தோள்பட்டைகளை இணைக்கும் மார்புப் பட்டை இருக்கிறதா, பை குண்டிக்குக் கீழே தொங்காமல் முதுகோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் மாதிரி கனமானது முதுகை ஒட்டி, துணி வெளிப்பக்கமாக வர வேண்டும். கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நாம் கூன் போட்டு நடப்போம், மறுநாள் கழுத்து திரும்பாது. மழைக்குப் பையின் மேல் உறை மாட்டுவதைவிட உள்ளே ஒரு கெட்டியான பாலிதீன் பையை விட்டு அதற்குள் துணியை வைப்பதுதான் நிச்சயம். மேலுறையில் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

காலுக்கு வருவோம். செலவழிக்க வேண்டிய பணத்தில் பாதி இங்கேதான் போக வேண்டும். ஷூவோ, பின்பட்டை வைத்த சாண்டலோ, சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடமாடிய கால் சற்று வீங்கியிருக்கும், நெடுந்தூரம் நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். விரல் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் இடையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். புதுச் ஷூவோடு நேராக யாத்திரைக்குக் கிளம்புவதுதான் பாதி வழியில் ரயிலேற வைக்கிறது. குறைந்தது 60 கிலோமீட்டராவது அதைப் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். சாக்ஸ் முழுப் பருத்தியாக வேண்டாம். வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், ஈரத் தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். பாலியஸ்டர் கலந்த மெல்லிய சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து, பாதி வழியில் மாற்றி, ஈர ஜோடியைப் பைக்கு வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிடுங்கள்.

குதிகாலிலோ விரலோரத்திலோ சூடாக, கரகரவென்று ஓர் உணர்வு வந்தால் அந்த நொடியே உட்கார்ந்துவிட வேண்டும். 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நடந்தால் அடுத்த ஊருக்குள் நீர் கோத்திருக்கும். ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, ஓர் அங்குல மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். டேப் முனைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினால் சாக்ஸில் உரசி உரியாது. சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். நடக்கவே முடியாத அளவு பெரிதாக இருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டு டேப் போடுங்கள். தோலை உரித்துவிட்டால் யாத்திரை அங்கேயே முடிந்தது.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே வெறுங்காலில் நடந்து பழக வேண்டும். காலை பத்துக்குமேல் தாரில் கால் வைக்க முடியாது. ஓரத்து மண்ணில் இறங்கினால் சீமைக்கருவேல முள். அது ரப்பர் செருப்பையே துளைக்கும். முள்வாங்கி ஒன்று கட்டாயம் எடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. முள் குத்தியதே தெரியாமல் புண் ஆழமாகிவிடும். செருப்போடு நடந்தாலும் ஒவ்வோர் இரவும் இருவரும் ஒருவர் பாதத்தை மற்றவர் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

துணியில் எல்லோரும் மறப்பது உரசல். திருச்செந்தூர் யாத்திரைக்கென்று வாங்கும் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் புதிதாகக் கஞ்சி மொடமொடப்போடு இருக்கும். அதன் கரை உள்தொடையில் அரம் மாதிரி அறுக்கும். மூன்று தடவை துவைத்துக் கஞ்சி போன பிறகுதான் உடுத்த வேண்டும், சாயமும் அப்போது போய்விடும். எட்டு முழ வேட்டியைவிட நாலு முழம் லேசு, உள்ளே முழங்கால்வரை வரும் சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டால் தொடை தப்பிக்கும். பெண்களுக்கும் இதேதான், சேலைக்குள்ளும் சுடிதாருக்குள்ளும். நடக்கச் சுடிதார்தான் வசதி. சேலை என்றால் பாவாடை நாடா பையின் இடுப்புப் பட்டைக்குக் கீழே சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். நாப்கின் இரண்டு மூன்று, சுற்றி எடுத்துவரத் தாள் உறையோடு, நாள் கணக்கு தள்ளியிருந்தாலும் பையில் இருக்கட்டும். நடையில் கணக்கு மாறுவது உண்டு.

பச்சை நிறத்துக்கு இன்னொரு ஆபத்து. அதிகாலை மூன்றரை மணி இருட்டில் பச்சைத் துணி லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. லாரிகளில் ஒட்டுகிற ஒளிர்பட்டையை ஒரு ஜாண் நீளத்துக்கு வாங்கிப் பையின் பின்னாலும், முன்னால் தோள்பட்டைகளிலும் தைத்துவிடுங்கள். வண்டி எதிரே வருவது தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். இப்படி நடப்பதால்தான் இருவருக்கு ஒரு குடை என்ற கணக்கு சரிவராது. ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு நடப்பவர்கள் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்தே போக வேண்டும். ஆளுக்கு 80 கிராமில் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய பகுதி இது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் மழைக்கோட்டை நம்ப வேண்டாம், நாளைத் தள்ளிப்போடுங்கள்.

படுக்கைக்குச் சாரத்தை மிஞ்சியது இல்லை. மூட்டிய பெரிய சாரத்துக்குள் புகுந்து படுத்தால் அதுவே போர்வை. படித்துறையில் உடை மாற்ற அதுவே மறைப்பு. தை மாதத்து மண்டபத் தளம் விடியும்போது சில்லென்று ஏறும். கோரைப்பாய் சுமக்க முடியாது. பத்தமடைப் பட்டுப்பாய் துணிபோல மடியும் என்றாலும் அதன் விலைக்கு மண்டபத் தளத்தில் போட்டு இழுக்க மனசு வராது. பார்சல் சுற்ற விற்கும் 5 மில்லிமீட்டர் வெள்ளை ஃபோம் ஷீட்டை ஆறடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலத்தில் வெட்டி வாங்குங்கள். 250 கிராம்தான், இருவரும் படுக்கலாம், சுருட்டிப் பைக்கு வெளியே கட்டலாம். வழிநெடுக வயலும் வாய்க்காலுமாக இருப்பதால் கொசுவலை வேண்டும். மண்டபத் தூண்கள் இருக்கவே இருக்கின்றன, கயிறு மட்டும் ஒவ்வொரு மூலைக்கும் மூன்று மீட்டர் வேண்டும். அதைவிடக் குறைந்தால் தூணை எட்டாது.

மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். தைப்பூச நேரத்தில் வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும், மற்ற மாதங்களில் ஊருக்கு ஊர் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆற்றில் குளிக்கலாம், குடிக்க வேண்டாம். ஓஆர்எஸ் பாக்கெட் நாலு, ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டாகப் பார்த்து. ஒரு பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கலக்கினால் உப்பு கூடி வயிறு கெடும். கால்வலிக்கு பாரசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையை வேர்த்து வறண்ட உடம்பில் போட்டால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். தின்பண்டத்துக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாயும் சுக்குக் கருப்பட்டியும் எடுங்கள். அல்வாவைத் திரும்பி வந்து சாப்பிடலாம்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, அதே பை, அதே ஷூ, அதே துணியோடு திருநெல்வேலியிலிருந்து கிருஷ்ணாபுரம்வரை நடந்து பாருங்கள். 12, 13 கிலோமீட்டர் வரும். கோயில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பலாம். வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து, தொடாமலே திரும்பி வந்தவற்றைத் தனியே வையுங்கள். மருந்து, டார்ச், மழைக்கோட்டு தவிர மற்றது எதுவும் மறுபடி பைக்குள் போகக் கூடாது. முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகிறது. செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் மூன்றிலும் நிலையம் உண்டு. ஸ்ரீவைகுண்டம் நிலையம் ஊருக்குள் இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுக்குடியில் இருக்கிறது, அதனால் பாலம் கடக்க வேண்டாம்.

கடைசி நாளுக்கென்று ஓர் உலர்ந்த உடை செட்டைத் தொடாமல் வைத்திருங்கள். கடலில் குளித்து, நாழிக்கிணற்றிலும் குளித்த பிறகு, உப்பேறிய ஈரத்துணி உரசிய தொடையில் பட்டால் எரிச்சல் தாங்காது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும் என்பதால் தரிசனத்துக்கென்று தனியாக ஒரு சட்டை சுமக்க வேண்டியதில்லை, உலர்ந்த வேட்டி போதும். ஈரத்துணியைப் பிழிந்து, இத்தனை நாள் பைக்குள் இருந்த பாலிதீன் பையில் கட்டிக்கொண்டால், திரும்பும் ரயிலில் பக்கத்தில் உட்காருபவர் மேல் சொட்டாது.