சர்வோவுக்கு மாறியபோது கற்றது

கிருஷ்ணகிரியில் என் வீட்டின் பின்கட்டில், மரமும் அலுமினியமும் வெட்டுவதற்காக நான் அமைத்த, கணினி வழிநடத்தும் சி.என்.சி. இயந்திரத்தில், வேகம் கூடும்போதெல்லாம் படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் படிகளைத் தவறவிட்டதால், வெட்டிய வட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒன்றுசேராமல் ஒரு சிறு படிக்கட்டு போல விலகி நின்றன. ஸ்டெப்பரின் முறுக்குவிசை வேகம் ஏற ஏறச் சரிந்துவிடும். தன் நிலையை அறிந்து திருத்திக்கொள்ளும் மோட்டாரான 400 வாட் ஏ.சி. சர்வோவோ நிமிடத்துக்கு 3000 சுழற்சி வரை ஏறத்தாழ 1.27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் குறையாமல் தரும்.

ஓசூரில் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய சர்வோக்கள் மலிவாகக் கிடைத்தன. ஆயினும், கையேடும், சுழற்சி நிலையைச் சொல்லும் என்கோடரின் கேபிளும் இல்லாத டிரைவ் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) என்ன விலைக்கு வந்தாலும் வீண் என்பதால், மோட்டார், டிரைவ், கேபிள் மூன்றும் ஒரே தொகுப்பாக வருவதையே வாங்கினேன்.

பொருத்திய பின்னும் அச்சு மிக மெதுவாகவே நகர்ந்தது. டிரைவில் ஒரு சுழற்சிக்கு 10000 பல்ஸ் (மின்துடிப்பு) என்று அமைந்திருந்தது. முழு வேகத்துக்கு அது நொடிக்கு 5 லட்சம் பல்ஸ் கேட்கும், என் கட்டுப்பாட்டுப் பலகையோ 1 லட்சத்துக்கு மேல் தராது. எத்தனை பல்ஸுக்கு ஒரு சுழற்சி என்பதைத் தீர்மானிக்கும் எலக்ட்ரானிக் கியர் விகிதத்தை டிரைவில் மாற்றி, சுழற்சிக்கு 1000 பல்ஸ் என்று வைத்தேன். ஒரு சுழற்சிக்கு அச்சை 5 மி.மீ. நகர்த்தும் புரியிடை கொண்ட பால் ஸ்க்ரூ என்ற திருகுத்தண்டில் ஒரு பல்ஸுக்கு 0.005 மி.மீ. நகர்வு, என் வேலைக்கு அது தாராளம். இப்போது வட்டம் சேரும் இடம் நகத்தால் தடவினாலும் தட்டுப்படுவதில்லை.