நீல ஒளி வடிகட்டி உங்களுக்குத் தேவையா என்று தீர்மானிப்பது எப்படி?

கண்ணாடி வாங்கப் போனால், பவர் பார்த்து முடித்ததும் ‘ப்ளூ கட் (நீல ஒளியை வடிகட்டும் லென்ஸ்) போட்டுவிடலாமா?’ என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. அதற்குத் தலையசைக்கும் முன், உங்கள் குறை எது என்பதை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டும். மாலையானால் கண் எரிகிறதா, இரவில் தூக்கம் பிடிக்கத் தாமதமாகிறதா, அல்லது திரையின் ஒளி விழித்திரையைக் கெடுத்துவிடும் என்ற அச்சமா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் ஒரே லென்ஸைத் தீர்வாகச் சொல்லி விற்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

விழித்திரை பற்றிய அச்சத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். நேர் வெயிலில் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான பகலில்கூட அது பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கணினித் திரையிலிருந்து முகத்தில் விழுவதோ பொதுவாக நூறு லக்ஸை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான். நீல ஒளியின் மிகப் பெரிய ஊற்று சூரியனே. திரை ஒளியால் மனிதக் கண் சேதமடைவதற்குச் சான்று இல்லை என்பதால், கணினி பயன்படுத்துவோருக்குத் தனிக் கண்ணாடி எதையும் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை.

தூக்கத்தின் கதை வேறு. இங்கே நீல ஒளிக்கு உண்மையான பங்கு உண்டு. விழித்திரையில், பார்ப்பதற்காக அல்லாமல் பகலா இரவா என்பதை மூளையின் கடிகாரத்துக்கு அறிவிப்பதற்காகவே அமைந்த செல்கள் சில உள்ளன. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்னும் நிறமி 480 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள நீல ஒளிக்கே மிகுதியாக உணர்வு கொள்கிறது. இரவில் அந்த ஒளி பட்டால், தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகிறது. எனினும் அளவைக் கவனியுங்கள். 2015-இல் வெளியான ஆய்வொன்றில் 12 பேர், மங்கலான அறையில், முழு வெளிச்சத்தில் வைத்த மின்திரையில், படுக்கும் முன் 4 மணி நேரம் வீதம் 5 இரவுகள் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட அவர்களுக்குத் தூக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம்தான் கூடுதலாகப் பிடித்தது. 2021-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர், 167 இளைஞர்களை இரவில் திரையை மஞ்சள் சாயலுக்கு மாற்றும் ஐபோனின் நைட் ஷிப்ட் வசதியுடன் பயன்படுத்தியவர்கள், அந்த வசதியின்றிப் பயன்படுத்தியவர்கள், படுக்கும் முன் கைப்பேசியையே தொடாதவர்கள் என்று பிரித்து ஒப்பிட்டபோது, ஒட்டுமொத்தமாகத் தூக்கத்தில் வேறுபாடு தென்படவில்லை.

அதற்காகக் கைப்பேசியின் இரவு நிறத்தை அணைத்துவிடச் சொல்லவில்லை. அதற்குச் செலவு இல்லை, திரையும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. சூரியன் மறையும் நேரத்தில் அது தானாக இயங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். படம் திருத்தும் வேலை இருந்தால் மட்டும் அணைத்துவிடுங்கள், நிறங்கள் பிறழும். ஆனால் படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும், தலைக்கு மேலே எரியும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குக்குப் பதிலாக மங்கலான மஞ்சள் விளக்கைப் போடுவதும் அதைவிட முக்கியம். உள்ளத்தைக் கிளறும் செய்திகளையும் முடிவில்லாமல் ஓடும் வீடியோக்களையும் எந்த வடிகட்டியாலும் தடுக்க முடியாது. தூக்கமின்மையால் உண்மையிலேயே அவதிப்படுபவர், ஆரஞ்சு நிறக் கண்ணாடியை மருத்துவரின் ஆலோசனையுடன் மாலையில் அணிந்து பார்க்கலாம். சிறு ஆய்வுகள் சிலவற்றில் அதனால் பயன் தெரிந்திருக்கிறது. அதை அணிந்து இரவில் வண்டி மட்டும் ஓட்டக் கூடாது.

அந்த ஆரஞ்சுக் கண்ணாடியும் கடையில் விற்கும் நிறமற்ற ப்ளூ கட் லென்ஸும் ஒன்றல்ல. பின்னது பெரும்பாலும் நீல ஒளியில் 10 முதல் 25 சதவீதத்தையே தடுக்கிறது. ஊதா கலந்த நீலக் கற்றை வீசும் சிறு டார்ச்சை லென்ஸின் மேல் அடித்து, பின்னாலிருக்கும் அட்டையில் ஒளி விழவில்லை பாருங்கள் என்று காட்டுவார்கள். அந்த டார்ச் உமிழ்வது பொதுவாக 405 நானோமீட்டர் ஒளி, எல்.ஈ.டி. திரையின் நீலமோ 450-ஐ ஒட்டி உச்சம் கொள்கிறது. 405-ஐ முழுவதும் நிறுத்தும் லென்ஸ், 450-ஐப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடலாம். நீங்களே சோதிக்க விரும்பினால், கைப்பேசியில் முழுத் திரையையும் கடும் நீலமாக்கி லென்ஸ் வழியே பாருங்கள். நீலம் நீலமாகவே தெரிந்தால் தடுக்கப்படுவது மிகக் குறைவு; ஆரஞ்சுக் கண்ணாடியில் அதே திரை ஏறக்குறைய கறுத்துப்போகும்.

இனி, பெரும்பாலோரை லென்ஸ் வாங்கத் தூண்டும் கண் எரிச்சலுக்கு வருவோம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சாதாரண லென்ஸுடன் ஒப்பிட்டால் நீல ஒளி வடிகட்டும் லென்ஸ் குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. எரிச்சலின் வேர் ஒளியில் இல்லை, இமையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 15 முறையளவு இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது 5 முதல் 7 முறைதான் இமைக்கிறோம்; கண்ணீர்ப் படலம் உலர்ந்து, கண் உறுத்தத் தொடங்குகிறது. கூடவே, அருகிலேயே குவிந்திருக்கும் கண் தசையும் களைத்துப்போகிறது.

எனவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள எதையேனும் 20 விநாடி பார்த்து, அப்போது சில முறை இமைகளை முழுதாக மூடித் திறவுங்கள். திரை ஒரு கை நீளத் தொலைவில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பார்வை தாழும்போது இமை கண்ணை அதிகம் மூடுவதால் உலர்வு குறையும். ஏ.சி. அல்லது மின்விசிறியின் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். சன்னலை முதுகுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ வைக்காமல் பக்கவாட்டில் வரும்படி அமருங்கள். வெளிச்சத்தைச் சரிசெய்ய, ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடியுங்கள்: தாளைவிடத் திரை ஒளிர்ந்தால் குறையுங்கள், மங்கித் தெரிந்தால் கூட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் சோர்வு தீராவிட்டால், ப்ளூ கட்டுக்குக் கொடுக்க எண்ணிய பணத்தை முறையான கண் பரிசோதனைக்குச் செலவிடுவதே நல்லது. சரிசெய்யப்படாத சிறு தூரப்பார்வைக் குறையோ (அருகிலுள்ளதைப் பார்க்கக் கண் சிரமப்படுவது), நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்தோதான் பல நேரங்களில் மாலைத் தலைவலிக்குக் காரணமாக இருக்கிறது. போகும் முன், நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கண்ணுக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவைச் சொன்னால், படிப்பதற்கான தூரத்துக்கு அல்லாமல் உங்கள் திரையின் தூரத்துக்கே பொருந்தும் கண்ணாடியை எழுதித் தருவார்கள்.