முதல் தடவை ஆன்லைன் பயிற்சிநெறி செய்கிறீர்களா? இந்த இடங்களில் கவனம்

"எந்த மென்பொருளில் செய்யலாம்?" பயிற்சிநெறி ஒன்றை ஆன்லைனில் போட நினைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான், முதல் தவறும் இதுதான். ஆன்லைன் வகுப்பு நடத்துவதற்கான மூடில் (Moodle) மென்பொருள் நல்லது, 2002 இலிருந்து இருக்கிறது, இலவசம். ஆனால் அதை ஏற்றி வைக்க ஒரு சேர்வர் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், பாஸ்வேர்டை மறந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்குக் கோல் எடுத்தால் பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும். வன்னியில் விசுவமடுவிலும் முழங்காவிலிலும் இருக்கிற இருபது பேருக்கு நீர்ப்பம்பி திருத்தப் பழக்க ஒரு வட்ஸ்அப் குழுவும் கூகிள் படிவமும் தாராளம்.

முதலில் யோசிக்க வேண்டியது வேறு. பயிற்சி முடிந்த பிறகு அந்த ஆள் தன் கையால் என்ன செய்வார்? "நீர்ப்பம்பி பற்றிய அறிவைப் பெறுவார்" என்று எழுதினால் அதை வைத்து ஒரு பாடமும் செய்ய முடியாது. "ஸ்டார்ட் ஆகாத பம்பியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைத் துடைத்து, திரும்பப் பூட்டுவார்" என்று எழுதிப் பாருங்கள், எதைப் படம் பிடிப்பது, எதைக் கேட்பது, எதைத் தூக்கி எறிவது எல்லாம் தானாகவே தெரியவரும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வகுப்பில் காட்டிய ஸ்லைடுகளை அப்படியே ஏற்றிவிட்டேன், எஞ்சின் வகைகள், பாகங்களின் பெயர்கள் என்று ஒன்று விடாமல். வகுப்பில் நான் பக்கத்தில் நின்று கதைத்ததால்தான் அவை பயன்பட்டன, போனில் தனியே திறந்தவர்களுக்கு அது வெறும் வரிகள். இரண்டாம் நாள் ஒரு தங்கச்சி குரல்பதிவு அனுப்பினாள்: "அண்ணா, பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிறது?" அத்தனை ஸ்லைடிலும் அது இல்லை. இடப்பக்கம் திருப்பினால் கழரும், பூட்டும்போது முதலில் பிளக் கழற்றுகிற சாவியைப் போடாமல் விரலாலேயே புரி பிடிக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரி அழிந்துவிடும். கை பழகியவருக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லாத விசயமாகத் தெரியும், பழகாதவர் அதிலேயே நின்றுவிடுவார்.

அடுத்தது வீடியோ. ஆன்லைன் பாடங்கள் நடத்துகிற எட்எக்ஸ் (edX) தளத்தில் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட தரவை வைத்து 2014 இல் வந்த ஓர் ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் பெரும்பாலும் ஆட்கள் நிற்பதில்லை என்று காட்டியது. எங்கள் பக்கம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பத்து நிமிட வீடியோவை 1080 தரத்தில், செக்கனுக்கு 5 மெகாபிட் வீதம் எடுத்தால் ஏறக்குறைய 375 எம்பி. அதையே 480 தரத்தில் 1 மெகாபிட்டாகக் குறைத்தால் 75 எம்பி. வெறும் குரல்பதிவாக, 64 கிலோபிட்டில் தந்தால் 5 எம்பி கூட வராது. டேட்டா கார்ட் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம்தான் படிப்பதும் விடுவதும். அதனால் கையைக் காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் இரண்டு நிமிட வீடியோ, மற்றதுக்குக் குரலும் படமும் போதும். அப்புறம், மழை நேரம் தகரக் கூரையின் கீழ் பதிவு செய்யாதீர்கள், ஒன்றும் கேட்காது.

எங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு தலைவலி பாமினி. பழைய குறிப்புகள் பெரும்பாலும் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அது உள்ளே ஆங்கில எழுத்துகளைத்தான் வைத்திருக்கிறது, மேலே தமிழ் முகம் போட்டிருக்கிறது. போனில் அந்த எழுத்துரு இல்லாததால் பிள்ளைகளுக்கு அர்த்தமில்லாத ஆங்கிலமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ஒரு தடவை வரிவரியாக வாசியுங்கள், கொம்பு சில இடங்களில் பிசகி நிற்கும்.

வினாக்களில் பாகங்களின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பெட்ரோலில் நனைந்த பிளக் ஒன்றின் படத்தையும் உலர்ந்த கரி படிந்த ஒன்றின் படத்தையும் போட்டு, "இரண்டுக்கும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். பிழையாகச் சொன்னவருக்கு வெறும் "தவறு" காட்டாமல், கரி என்றால் எயார் பில்டர் அடைத்திருக்கலாம், நனைந்திருந்தால் எரிபொருள் கூடியிருக்கலாம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.

காலபோக நெல் அரிவுவெட்டு நேரத்தில் பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம், ஒருவரும் வரமாட்டார்கள்.

சரி, எல்லாம் தயார் என்றால் உடனே இருபது பேருக்கும் அனுப்பிவிடாதீர்கள். பம்பியைத் தொட்டே பார்க்காத ஒருவரைப் பிடித்து, அவருடைய போனில், அவருடைய டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாய் திறக்க வேண்டாம், போனை வாங்கிக் காட்டவும் வேண்டாம். அவருடைய விரல் எந்தத் திரையில் தயங்கி நிற்கிறதோ அதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள், அன்றிரவே அந்த இடத்தைத் திருத்துங்கள், அடுத்த நாள் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.