கம்ப்யூட்டர் ஆன் செய்ததும் ஹேங் ஆகிறதா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

முட்டத்திலிருந்து சித்தி போன் செய்தார். "மக்ளே, கம்ப்யூட்டர் பாதியில நிக்கு. ஒரு அனக்கமும் இல்ல." எந்தப் பாதியில் என்று கேட்டேன். அதைக் கவனிக்கவில்லை என்றார். இந்தப் பழுதில் முக்காலே மூணுவீசம் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பு ஒருமுறை ஆன் செய்து, முழுவதையும் மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

கம்பெனி லோகோ வந்து அதோடு நின்றால், விண்டோஸ் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. ரேம் (தற்காலிக நினைவகப் பலகை), டிஸ்க், வெளியே செருகியிருக்கும் ஏதோ ஒன்று, இவற்றில்தான் கோளாறு இருக்கும். புள்ளிகள் வட்டமாகச் சுற்றி, சுற்றியபடியே நின்றுவிட்டால் விண்டோஸ், டிரைவர் (கருவிகளை இயக்க உதவும் சாஃப்ட்வேர்), டிஸ்க் இவற்றைச் சந்தேகப்படலாம். பாஸ்வேர்டு போட்ட பிறகு நிற்கிறதா? கூடவே தொடங்கும் ஏதாவது ஒரு புரோகிராம் காரணமாக இருக்கும்.

நின்ற இடத்தில் கீபோர்டின் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. அரை மணி நேரம் பொறுங்கள், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம். விளக்கு மாறவே இல்லை என்றால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

முதல் வேலை: எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், கார்டு ரீடர், வெளி ஹார்டு டிஸ்க் எதுவும் வேண்டாம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டும் போதும். மறந்துபோய்ச் செருகிவைத்த ஒரு பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு மெஷின் நின்றுவிடுவது உண்டு.

அடுத்தது ரேம். லோகோவிலேயே நிற்கும் டெஸ்க்டாப்புக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நம் குமரிக் கடற்கரை வீடுகளில் ஜன்னல் கம்பியே எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே உப்புக் காற்றுதான் சிபியு பெட்டிக்குள்ளும் போகிறது. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை.

பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினால் மிச்சம் இருக்கும் மின்சாரமும் போய்விடும். பக்கத் தகட்டைத் திறந்ததும் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள். நம் உடம்பிலுள்ள நிலை மின்சாரம் ரேமைக் கெடுக்காமல் இருக்க இது முக்கியம். ரேமின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை விலக்கினால் அது கையோடு வரும்.

சித்தி வீட்டு ரேமின் தங்க நிறப் பற்கள் பழைய பித்தளை விளக்கு மாதிரி மங்கிப் போயிருந்தன. பிள்ளைகள் பென்சிலை அழிக்கும் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மட்டும் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பரில் கறுப்பு ஒட்டியது. தூளைத் தட்டிவிட்டு, ரேமில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். உங்களிடம் இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஆன் செய்யுங்கள். எது போட்டால் நிற்கிறதோ அதுதான் கெட்டது. லேப்டாப்பாக இருந்தால் புதியவர்கள் திறக்க வேண்டாம், அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே நாணயம் போன்ற பேட்டரி ஒன்றையும் பார்க்கலாம். பெரும்பாலும் சிஆர் 2032, 3 வோல்ட். ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போகிறது என்றால் அதை மாற்றுங்கள்.

புள்ளி சுற்றும்போது நின்றால் விண்டோஸின் பழுதுபார்க்கும் திரைக்குப் போக வேண்டும். ஆன் செய்து, புள்ளி சுற்றத் தொடங்கியதும் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி மூன்று முறை. அடுத்த முறை அந்தத் திரை தானாகவே வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4ஐ அழுத்துங்கள். அதுதான் சேஃப் மோட், அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும். சில மெஷின்களில் இடையில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணைக் கேட்கும். மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

சேஃப் மோடில் நன்றாகத் திறந்துவிட்டால் சந்தோஷப்படலாம், ஹார்டுவேர் அநேகமாகத் தப்பித்தது. கடைசியாகப் போட்ட புரோகிராமையோ டிரைவரையோ எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் வந்த வினை என்றால், அதே அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது.

சேஃப் மோடிலும் நிற்கிறதா? ஹார்டு டிஸ்கிலிருந்து 'கட் கட்' என்று சத்தம் வருகிறதா? அப்படியானால் தயவுசெய்து வேறு எதையும் முயற்சி செய்யாதீர்கள். டிஸ்கைச் சரிபார்க்கும் கட்டளையும் இப்போது வேண்டாம்; சாகக் கிடக்கும் டிஸ்கை அது மேலும் ஓட வைக்கும். முதலில் படங்களையும் ஃபைல்களையும் வெளியே எடுக்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே தொடங்கி, வெளி டிஸ்குக்குக் காப்பி செய்யலாம். சித்தியின் மெஷினில் 2017இல் ஒக்கிப் புயல் அடிப்பதற்கு முன்பு எடுத்த வீட்டுப் படங்கள் இருந்தன. வாசலில் நின்ற பலாமரம் இப்போது அந்தப் படங்களில் மட்டும்தான் இருக்கிறது. ரேம் சரியானதும் நான் செய்த முதல் காரியம் அவற்றைக் காப்பி எடுத்ததுதான்.

விண்டோஸைப் புதிதாக ஏற்றும் ரீசெட் கடைசி வழி. கீப் மை ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் போட்டிருக்கும் புரோகிராம்கள் போய்விடும், தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் உட்பட.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ கடைக்குக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் நிற்கிறது, என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள், காப்பி எடுத்தாயிற்றா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டுங்கள். காப்பி எடுக்கவில்லை என்றால் 'ஃபார்மட் செய்ய வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அந்த வீடியோவையும் கடைக்காரரிடம் காட்டுங்கள்.