நாய்ப் படம் போட்ட அட்டையை நம்பி

எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் கொடுப்பதைப் பதினோரு வருடமாகச் செய்துவருகிறேன். இப்போது கல்லூரி முடித்த இரண்டு பேர் உதவிக்கு வருகிறார்கள். போன மாதம் அவர்கள் விலங்கு சாகசக் கதைகளைச் சிபாரிசு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் செய்த தவறுகளை எனக்கு முன்னாலேயே திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். எழுத்து பொடியாக இருக்கக் கூடாது, தாள் கிழிந்திருக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

‘முதலில் சுருக்கப் பதிப்பைப் படிக்கட்டும்’

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

ஒரு புத்தகக் கண்காட்சியில், உலகக் கிளாசிக் வரிசை என்று ஐம்பது சுருக்கப் பதிப்புகளை ஒரே கட்டாக வாங்கினேன். பளபள அட்டை, பக்கத்துக்குப் பக்கம் படம், அடிமாட்டு விலை. அதில் ‘பிளாக் பியூட்டி’ என்ற குதிரைக் கதையும் இருந்தது. பிள்ளைகள் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்தது கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு வருடம் கழித்து, அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் அதன் முழுப் புத்தகத்தை நீட்டினேன். அப்போது அவள் ஏழாவது. கையில் கூட வாங்கவில்லை. “இத நான் மூணாவதுலயே படிச்சிட்டேன் ஆன்ட்டி.”

அவள் படித்தது என்ன என்று அன்று ராத்திரி அந்தச் சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அசலில் குதிரையே தன் கதையைச் சொல்லும். 1877இல் வந்த முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில், குதிரை மொழியிலிருந்து அன்னா சூவெல் மொழிபெயர்த்தது என்று குறும்பாகவே போட்டிருந்தார்கள். நான் வாங்கிய பதிப்பில் குதிரைக்கு வாயே இல்லை. “அது ஓடியது, அது களைத்தது” என்று யாரோ வெளியில் நின்று சொல்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பணக்காரர்கள் வண்டிக் குதிரை எப்போதும் தலையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வாரை இழுத்துக் கட்டுவார்கள். பார்வைக்கு எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான். மேட்டில் வண்டியை இழுக்கும்போது கழுத்தும் முதுகும் மூச்சும் என்ன பாடுபடும் என்று குதிரை சொல்லித்தான் நமக்குத் தெரியும். சுருக்கத்தில் அதற்கு ஒரு வரி. ஜிஞ்சர் என்ற தோழிக் குதிரையின் சாவு இன்னும் மோசம். அசலில், செத்த குதிரை ஒன்றை வண்டியில் போட்டுக் கொண்டுபோவார்கள். செம்பழுப்பு நிறம், மெலிந்த நீளக் கழுத்து. அது ஜிஞ்சராகவே இருக்கட்டும், அவள் பட்டதெல்லாம் அதோடு தீரட்டும் என்று பியூட்டி நினைக்கும். சுருக்கத்தில்: “ஜிஞ்சர் இறந்துவிட்டது.”

சிறுவயதில் காலில் அடிபட்டு, சரியாக நடக்க முடியாமல், எங்கே போவதென்றாலும் குதிரை வண்டியையே நம்பி இருந்தவர் அன்னா சூவெல் அம்மாள். எழுதிய நாவல் அது ஒன்றுதான். அது வெளிவந்த மறுவருடமே இறந்துபோனார். அதை நான் அரைமணி நேரப் பொழுதுபோக்காக்கி, எத்தனை பிள்ளைகளுக்கு ‘படித்தாயிற்று’ என்ற முத்திரை குத்தி அனுப்பினேனோ!

அசலில் 49 அத்தியாயம், பெரும்பாலும் குட்டிக் குட்டி. ராத்திரிக்கு இரண்டு என்று வாசித்துக் காட்டலாம். எட்டு வயதில் முடியவில்லையா, சரி, பத்து வயதில் கொடுங்கள். அதுவரைக்கும் சுருக்கியதைக் கொடுக்காமல், சிறியதாகவே எழுதப்பட்டதைக் கொடுக்கலாம். கிப்ளிங்கின் ‘ரிக்கி-டிக்கி-டாவி’ ஒரு சிறுகதைதான். கீரிக்கும் நல்ல பாம்புக்கும் சண்டை என்றால் நம் பிள்ளைகளுக்கு முன்னுரையே வேண்டாம்.

சினிமா பார்த்த ஞாபகத்தில் சொல்வது

‘ரிக்கி-டிக்கி-டாவி’ இருக்கும் ‘ஜங்கிள் புக்’கிலேயே (1894) இந்த வம்பு உண்டு. 1967 கார்ட்டூன் படத்தில் ‘கா’ என்ற மலைப்பாம்பு, காட்டில் வளரும் சிறுவன் மௌக்லியை விழுங்கப் பார்க்கும். புத்தகத்தில் குரங்குக் கூட்டத்திடமிருந்து அவனை மீட்க வருவதே அதுதான். குரங்கு ராஜா லூயி புத்தகத்தில் கிடையவே கிடையாது. அதைவிட முக்கியம், முதல் புத்தகத்தின் ஏழு கதைகளில் மௌக்லி வருவது மூன்றில்தான். சொல்லாமல் கொடுத்தால், நாலாவது கதையில் ஒரு கடல்நாய் வரும்போது பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்க்கும்.

நாய்க் கதை என்றால் சின்னப் பிள்ளைக்கு

ஜாக் லண்டனின் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ (1903) புத்தகத்தில், பக் என்ற நாய் அலாஸ்காக் கரையில் இறங்கிய முதல் நாளே, கூட வந்த கர்லி என்ற நாயை மற்ற நாய்கள் கடித்துக் குதறிக் கொன்றுவிடும். வீட்டில் நாய் வளர்க்கும் எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தது நான்தான். மறுநாளே அவளுடைய பாட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், ஒன்றும் பேசாமல். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் அதை நான் எடுப்பதே இல்லை.

அவரே எழுதிய ‘வைட் ஃபாங்’ வேறு மாதிரி. முதல் பாகம் முடிந்தும் கதாநாயகனான ஓநாய்க்குட்டி பிறந்திருக்காது. இரண்டு பேர் பனியில் சவப்பெட்டியை இழுத்துப்போக, ஓநாய்கள் பின்னாலேயே வரும். நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பகுதியை நீங்களே உரக்க வாசித்துவிட்டு, அப்புறம் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

கிளாசிக் என்றால் வெள்ளைக்காரர்தான் எழுதியிருக்க வேண்டும்

தன்கோபால் முகர்ஜி என்ற இந்தியர் எழுதிய ‘கே-நெக்’, 1928இல் சிறுவர் புத்தகங்களுக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் வாங்கியது. கல்கத்தா மாடியில் வளர்ந்த புறா, முதல் உலகப் போரில் செய்தி சுமக்கப் போகிறது. அதன் இந்தியப் பெயர் சித்ரக்ரீவன். வலையோடு பறந்து தப்பிய பஞ்சதந்திரப் புறாக்களின் ராஜாவுக்கும் அதே பெயர்தான்.

கதையின் நீதி என்ன என்று கேட்பது

கேட்காதீர்கள்.

நாய் சாகுமா என்று கேட்டால் மழுப்புவது

‘ஓல்ட் யெல்லர்’ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்டான். “சாகும்” என்றேன்.

“எத்தனாவது பக்கம்?”

“கடைசிக்குக் கிட்ட.”

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.