பள்ளியின் மின்செலவை ஆராயும் மாணவர்கள்: ஆசிரியருக்கான வழிமுறை

வேலைவாய்ப்பு குறித்து ஆண்டுக்கு ஒருமுறை உரை நிகழ்த்துவதைவிட, உண்மையிலேயே ஒருவருக்குத் தேவைப்படும் வேலையை மாணவர்களிடம் ஒப்படைப்பது மிகுந்த பயன் தரும். ஒன்பதாம் வகுப்பினரால் செய்யக்கூடிய அத்தகைய வேலைகளுள் ஒன்று, தங்கள் பள்ளியின் மின்செலவை ஆராய்ந்து, அதைக் குறைக்கும் வழியைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அறிக்கையாக அளிப்பது.

அறிக்கையைப் படித்து, ஏற்பதாயினும் மறுப்பதாயினும் காரணத்துடன் பதில் தருவதாகத் தலைமையாசிரியரும் குழுவினரும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நான் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுகிறேன். மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதப்படும் செயல்திட்டம் அலமாரிக்குப் போய்விடும் என்பதை மாணவர்கள் நன்கறிவார்கள். செலவுக்குப் பொறுப்பானவர் கேள்வி கேட்கப்போகிறார் என்று தெரிந்தால்தான் தங்கள் கணக்கைத் தாங்களே மீண்டும் சரிபார்ப்பார்கள்.

அடுத்து, பள்ளியில் மின்வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனை மாணவர்களுக்கு வழிகாட்ட வகுப்புக்கு அழையுங்கள். மாணவர்கள் சுவிட்ச் பலகையைத் திறக்கவோ கம்பிகளைத் தொடவோ கூடாது. எண்ணுவதும் குறிப்பதும் மட்டுமே அவர்கள் வேலை.

ஒவ்வோர் அறையிலும் உள்ள விளக்குகள், மின்விசிறிகள், அவற்றின் வாட் அளவு, ஓடும் நேரம் ஆகியவற்றைப் பட்டியலிடச் செய்யுங்கள். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறிகள் 40, நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 18 யூனிட் செலவாகும். அவற்றுக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டவை) இருந்தால் 7.2 யூனிட் போதும். 200 வேலைநாள்களில் மிச்சம் 2,160 யூனிட்.

இந்தக் கணக்கை மின் கட்டண ரசீதுடன் ஒப்பிட்டால் இரண்டும் பெரும்பாலும் பொருந்தாது. விடையைச் சொல்லிவிடாமல் அந்த வேறுபாட்டின் காரணத்தை மாணவர்களையே தேட விடுங்கள். தண்ணீர் மோட்டார் விடுபட்டிருக்கலாம்; காலி அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கலாம். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3,200 துடிப்பு எனக் குறிக்கப்பட்டிருந்து, துடிப்புக்கு ஒருமுறை மின்னும் அதன் சிறுவிளக்கு நிமிடத்துக்கு 40 முறை மின்னினால், அந்நேரத்தில் 750 வாட் செலவாகிறது என்று அவர்களே கண்டறியலாம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வகைசெய்த எரிசக்தித் தணிக்கையாளர்களின், அதாவது ஒரு கட்டடத்திலோ ஆலையிலோ எரிசக்தி எங்கே வீணாகிறது என்று ஆராய்பவர்களின், தொழில் இத்தகைய தேடலைச் சார்ந்தது என்பதை இந்தக் கட்டத்தில் சொன்னால் அது மனத்தில் பதியும்.

பின்னர் கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, எத்தனை ஆண்டுகளில் முதலீடு திரும்பும் என்பதைக் கணக்கிட்டு, இரண்டு பக்க அறிக்கையை மாணவர்களே குழுவின் முன் படிக்கட்டும். நிதி போதாதென்று குழு மறுத்தால், அதிக நேரம் ஓடும் மின்விசிறிகளை மட்டும் முதலில் மாற்றும் திருத்திய திட்டத்தை அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் அணியமாக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால், மாற்றத்துக்குப் பிந்தைய ரசீதை முந்தைய ஆண்டின் அதே மாத ரசீதுடன் ஒப்பிடும் பொறுப்பும் அவர்களுடையதே.